கலையும் உடல்நலமும்: கேள்வி பதில்

கேள்வி: கலைகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஆயுள் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இங்கிலாந்தில் ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய 6,710 பேரை ஏறத்தாழ 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. அருங்காட்சியகம், நாடகம், இசை நிகழ்ச்சி போன்றவற்றுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் சென்றவர்களுக்கு, அறவே செல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 31 விழுக்காடு குறைவாக இருந்தது. உடல் வலிமையும் பண வசதியும் உள்ளவர்கள்தாம் இவற்றுக்கு மிகுதியாகச் செல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவ்வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பின்னரும் தொடர்பு நீடித்தது; எனினும் ஆயுளைக் கூட்டியது கலைதான் என்று இவ்வகை ஆய்வால் நிறுவ முடியாது.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தையால் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை. ஆனால் பழைய பாட்டு ஒன்றை வரி தவறாமல் பாடுகிறார். இது எப்படி, ஐயா?

பதில்: உங்கள் வியப்பு மருத்துவர்களுக்கும் ஏற்பட்டதுதான். பேச்சை ஆக்கும் பகுதி பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கம் உள்ளது. இராகத்தை உணர்வதிலும் பாடுவதிலும் வலப்பக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. இதை அடிப்படையாகக் கொண்டு 1973இல் ஒரு பயிற்சிமுறை அறிமுகமானது: நோயாளி அன்றாடச் சொற்றொடர்களை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துப் பாடியவாறே இடக்கையால் தாளம் தட்டுவார், பிறகு பாட்டின் சாயலைச் சிறிது சிறிதாகக் குறைத்து இயல்பான பேச்சுக்கு வருவார். மனப்பாடமான பாட்டு, சொற்களைப் புதிதாகத் தேடிக் கோக்க வேண்டிய தேவையின்றி, ஒரே கோவையாக வந்துவிடுகிறது; ஆகவே அதைப் பாடுவதால் மட்டும் பேச்சு திரும்பிவிடாது. பேச்சுப் பயிற்சியாளரின் துணை கட்டாயம் தேவை.

அவர் விரும்பும் இசையை நாள்தோறும் கேட்கச் செய்யுங்கள். பக்கவாதத்துக்குள்ளான 60 பேரிடம் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், முதல் இரண்டு மாதங்கள் தமக்குப் பிடித்த இசையை அன்றாடம் கேட்டவர்களின் சொல் நினைவாற்றலும் கவனமும், ஒலிநூல் கேட்டவர்களைக் காட்டிலும் நன்கு தேறின. இத்தனை எளிய உதவியை எத்தனை குடும்பங்கள் அறியாமல் இருக்கின்றன என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: எனக்கு ஒரு கோடுகூட நேராக வரையத் தெரியாது. ஓவியத்தால் எனக்கு என்ன பயன்?

பதில்: திறமை தேவையில்லை. 2016இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வில் 39 பேர் 45 நிமிடங்கள் வரைதலிலும் களிமண் வேலையிலும் ஈடுபட்டனர். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, முன்னனுபவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பு குறைந்திருந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாத ஆய்வு என்பதால் இதை நான் தொடக்கநிலைச் சான்றாகவே கொள்கிறேன்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை உண்கிறேன். நடனம் கற்கத் தொடங்கியபின் நலமாக உணர்வதால் அதை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். நடனத்தைத் தொடருங்கள், மாத்திரையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி மட்டுமே முடிவு செய்யுங்கள்.