வாசகர் கேள்வி பதில்: அழகில்லாத டீசல் இன்ஜின்கள்

மலேசியாவில் கெமாஸிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரைப் பாதை மின்மயமாக்கப்படாத ஒற்றைப் பாதை என்பதால், பகாவ் நகரத்தாருக்கு டீசல் இன்ஜின் பழகிய முகம். அந்நகரிலிருந்தும் அதைச் சூழ்ந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை ஒரே பொருளைத் தொட்டிருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: பகாவில் ரயில் மீது ஆர்வம் கொண்ட நண்பர்கள் சிலர் உலகிலேயே அழகற்ற டீசல் இன்ஜின் எது என்று வாதிட்டோம். ஒருவர் அமெரிக்காவின் பி.எல்.2 என்கிறார், மற்றொருவர் பிரிட்டனின் 28ஆம் வகை என்று சாதிக்கிறார். தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. (பகாவ் நகர நண்பர்கள்)

என் வாக்கு பி.எல்.2 என்றவருக்கே. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பி.எல்.2 என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இ.எம்.டி. பிரிவு 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் கிளைப் பாதைகளுக்கென்று கட்டிய இன்ஜின். அதற்கு முன் அப்பிரிவு விற்றுவந்த எஃப் வகை இன்ஜின்கள் உருண்ட மூக்கும், அகலம் முழுவதையும் நிரப்பிய உடலும் கொண்டவை. நெடுந்தூர ரயிலை இழுக்க அவை மிகப் பொருத்தமானவை. ஆனால் நிலையத்துக்கு நிலையம் நின்று, சரக்கு வேகன்களைக் கழற்றியும் மாட்டியும் செல்லும் வேலையில், ஓட்டுநர் தமக்குப் பின்னால் நடப்பதைக் காண முடியாமல் தவித்தார். இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர்கள் பழைய முகத்தைக் கைவிடவும் மனமின்றி, புதிய உடலை முழுமையாக ஏற்கவும் துணிவின்றி, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருந்த பக்கச் சுவர்களின் மேற்பகுதியை உள்நோக்கிச் சரித்து வெட்டினார்கள். முன்னாலிருந்து பார்த்தால் பயணிகள் ரயிலின் முகம், பின்னாலிருந்து பார்த்தால் ஷண்டிங் இன்ஜினின் முதுகு என்று ஆகிவிட்டது. இரண்டும் சேரும் இடத்தில் எந்தக் கோடும் மற்றொரு கோட்டோடு ஒத்துப்போகவில்லை.

இத்தனை விலை கொடுத்தும் பயன் குறைவு என்பதுதான் பெரிய குறை. உடற்கூடே இரும்புச் சட்டங்களாக நின்று எடையைத் தாங்கியதால், உள்ளே இருக்கும் பொறியைப் பழுதுபார்க்கக் கையை நுழைப்பது கடினமாக இருந்தது. ஊழியர் வெளிப்புறமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து செல்லத் தொடர்ச்சியான நடைபாதையும் இல்லை. 58 இன்ஜின்களோடு அதன் கதை முடிந்தது.

28ஆம் வகை என்று வாதிட்ட நண்பரின் கோபமும் எனக்குப் புரிகிறது. மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் நிறுவனம் 1958, 1959 ஆண்டுகளில் கட்டிய அந்த 20 இன்ஜின்களுக்கு ஒரு முனையில் மூன்று அச்சுகள், மறுமுனையில் இரண்டே அச்சுகள். பக்கவாட்டில் நின்று பார்க்கும் எவருக்கும் அது நொண்டுவது போலவே தோன்றும். முகப்பிலிருந்து பக்கவாட்டுக்கு வளைந்து செல்லும் கண்ணாடிகள் ஓட்டத்தின்போது கழன்று விழுந்ததால், பின்னர் அவற்றை எடுத்துவிட்டுத் தட்டையான கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். உள்ளே இருந்த 1,200 குதிரைத்திறன் கொண்ட கிராஸ்லி இருவீச்சுப் பொறி ஓயாமல் பழுதானது. 1961இல் இன்ஜின்களைத் தயாரிப்பாளரிடமே சீரமைப்புக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எல்லாமே சேவையிலிருந்து விலக்கப்பட்டன. ஒன்று மட்டும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே நிறுவனம் 1950களின் நடுவில் அயர்லாந்துக்குக் கட்டிக் கொடுத்த ஏ வகை இன்ஜின்களிலும் கிராஸ்லி பொறியே இருந்தது. அதே தொல்லைகளையும் அது தந்தது. அயர்லாந்துக்காரர்கள் அந்தப் பொறிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஜெனரல் மோட்டார்ஸ் பொறிகளைப் பொருத்தினார்கள். அதன்பின் ஏ வகை 1990கள் வரை உழைத்தது. வெறும் பெட்டி வடிவம்தான் என்றாலும், இன்று அதைப் பாசத்தோடு பேசுகிறவர்களே அதிகம். ரயில் பிரியர்கள் ஓர் இன்ஜினை அவலட்சணம் என்று சொல்லும்போது அதில் பாதி கண்ணின் புகார், மறுபாதி மனத்தாங்கல் என்பதே என் கணிப்பு. 28ஆம் வகையின் மீதான வசையில் மனத்தாங்கலின் பங்கு அதிகம். பி.எல்.2 மீதான வசையோ வடிவத்துக்கே உரியது.

கேள்வி: வேண்டுமென்றே அழகில்லாமல் கட்டப்பட்ட இன்ஜின் உண்டா? (தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை)

உண்டு அம்மா. பி.எல்.2 தோற்ற அதே 1949இல், அதே இ.எம்.டி. பிரிவின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் டில்வர்த் ஜி.பி.7 என்ற இன்ஜினை முன்வைத்தார். முதன்மைப் பாதையிலோ தலைமையகத்துக்கு அருகிலோ வைத்துக்கொள்ள எந்த ரயில் நிறுவனமும் விரும்பாத அளவுக்கு அழகற்ற ஒன்றைக் கட்டி, உண்மையான வேலை நடக்கும் உட்பகுதிகளுக்கு அனுப்பச் செய்வதே தம் நோக்கம் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. உருண்ட மூக்கு, வளைவு, அலங்காரம் எல்லாவற்றையும் களைந்துவிட்டு, பொறியின் மீது ஒரு குறுகிய கூடு, அதன் இருபுறமும் நடைபாதை, ஊடே ஓட்டுநர் அறை என்று நிறுத்திக்கொண்டார். கதவைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பொறி.

அவர் விருப்பம் நிறைவேறவில்லை என்பதுதான் வேடிக்கை. 1954 வரை 2,700க்கும் மேற்பட்ட ஜி.பி.7 இன்ஜின்கள் விற்றன. உட்பகுதிக்கு ஒதுக்க நினைத்தது தலைநகரங்கள் வரை வந்து நின்றது. அமெரிக்கச் சரக்கு இன்ஜின் என்றதும் நம் கண்ணில் எழும் உருவமே அதன் வழியாக வந்ததுதான். முழுமனத்தோடு ஒரு வேலைக்கென்று செய்யப்பட்ட உருவம், முதலில் உறுத்தினாலும், நாளடைவில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது, பி.எல்.2 போல இரண்டு மனத்தோடு செய்யப்பட்டது எத்தனை ஆண்டானாலும் பழகுவதில்லை.

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் பேரன் 66ஆம் வகை இன்ஜினின் படத்தை அனுப்பி, அங்குள்ளவர்கள் இதைக் கொட்டகை என்று கேலி செய்வதாக எழுதியிருந்தான். எனக்கு அப்படி ஒன்றும் மோசமாகத் தெரியவில்லையே? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

எனக்கும் தெரியவில்லை ஐயா. சரிந்த கூரையும் மடிப்பு மடிப்பான பக்கத் தகடும் கொண்டிருப்பதால் அந்தப் பட்டப்பெயர் வந்தது. 1998இல் கனடாவிலிருந்து வந்து இறங்கத் தொடங்கிய இந்த இன்ஜினை ஒரே நிறுவனம் மட்டும் 250 வாங்கியது. அதற்கு முன் பிரிட்டனில் சரக்கு இழுத்துக்கொண்டிருந்த 37, 47 போன்ற பல்வேறு வகைகளை, ஒவ்வொன்றின் ஓசையையும் தனித்தனியே அறிந்துவைத்திருந்த ஒரு தலைமுறைக்கு, எங்கு திரும்பினாலும் ஒரே முகம் வந்து நின்றது எரிச்சலாக இருந்திருக்கும். அந்த எரிச்சலைத் தகட்டின் மீது ஏற்றிச் சொன்னார்கள். இன்று அதே இன்ஜின்களைப் படம் பிடிக்க நடைமேடையில் காத்துக்கிடக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் தோற்றத்துக்காகவே குறைசொல்லத்தக்கது வேண்டுமானால், 2009இல் வந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 70ஆம் வகையைக் காட்டுவேன். பிரிட்டனின் பழைய சுரங்கங்களும் பாலங்களும் அனுமதிக்கும் இடம் மிகச் சிறியது. அதற்குள் 3,700 குதிரைத்திறனையும், குளிர்விக்கும் கருவிகளையும், மோதலைத் தாங்கும் ஓட்டுநர் அறையையும் திணித்தபோது, முகத்துக்கென்று எதுவும் மிஞ்சவில்லை.

கேள்வி: 1990களில் இந்தியாவிலிருந்து வாடகைக்கு வந்து நம் பாதையில் ஓடிய இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முனையில் மட்டும் ஓட்டுநர் அறை, மீதியெல்லாம் நீண்ட கூடு. அதைவிட அழகற்ற ஒன்றை நம் நாட்டில் நான் கண்டதில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்த என் மைத்துனரோ அதை அழகு என்கிறார். யார் சொல்வது சரி? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

நீங்கள் பார்த்தது ஒய்.டி.எம்.4. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பில் 1960களின் தொடக்கத்தில் இந்தியாவின் மீட்டர் பாதைகளுக்கென வந்த இன்ஜின். நம் தண்டவாள அகலமும் அதே ஒரு மீட்டர் என்பதால், இந்திய அரசின் இர்கான் நிறுவனம் அவற்றை மலாயா ரயில்வேக்கு (கே.டி.எம்.) வாடகைக்கு அனுப்ப முடிந்தது.

இரண்டு முனைகளிலும் அறை கொண்ட இன்ஜின்களோடு பணியாற்றியவருக்கு அது குறையுடைய பொருளாகத் தோன்றுவது இயல்பே. கூடு முன்னே இருக்க ஓட வேண்டி வந்தால், ஓட்டுநர் அதன் பக்கவாட்டிலேதான் எட்டிப் பார்க்க வேண்டும். வளைவு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் பாதையே மறைந்துவிடும். இந்தியாவிலேயே இந்தக் குறை பின்னாளிலும் தொடர்ந்தது. 4,000 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.பி.4 இன்ஜின் ஒற்றை அறையோடு வந்து, பிறகு இரண்டு அறை கொண்ட டபிள்யூ.டி.பி.4டி ஆக மாற்றப்பட்டது இதனால்தான்.

உங்கள் மைத்துனரின் கண் வேறு. சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு 1977இல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் மீட்டர் பாதையில் ஓடிய காலத்தில், அதை வேகமாக இழுத்துச் சென்றது இதே ஒய்.டி.எம்.4. திருச்சி பொன்மலையில் அவற்றைப் பராமரித்தவர்கள் பிள்ளையைப் போலப் பேணினார்கள். அந்தப் பாதைகள் அகலப்பாதைகளாகிவிட்டன, இன்ஜினும் போயிற்று. இழந்தது அழகாகத் தெரியும். உங்களைத் திருத்தவும் மாட்டேன், அவரை மறுக்கவும் மாட்டேன். ஓட்டுநர் அறையில் உட்கார்ந்து பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, நடைமேடையில் நின்று பார்த்தால் அவர் சொல்வது சரி.

கேள்வி: நம் கே.டி.எம். இன்ஜின்களுக்குள் எது அழகற்றது? நண்பர்கள் நீலப்புலியைச் சொல்கிறார்கள். (லாடாங் வாசகர்)

நீலப்புலி என்று பெயர்பெற்ற 26ஆம் வகையை ஜெர்மனியின் காஸல் நகரில் வடிவமைத்தார்கள்; பொறி அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். ஜெர்மனியிலும் பாகிஸ்தானிலும் அதன் உறவுகள் ஓடுகின்றன. இங்கே வந்தவை 20. கூர்மையான மடிப்புகளும் பெரிய உடலும் கொண்ட அதை ஒரு மீட்டர் தண்டவாளத்தின் மீது நிறுத்தும்போது, தோள் அகன்று பாதம் சிறுத்த தோற்றம் வந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மடிப்புகளில் ஒரு தீர்மானம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது முரட்டு முகம். அழகற்ற முகம் அன்று.

1957இல் வந்து பூக்களின் பெயர்களைத் தாங்கிய 20ஆம் வகையை இன்றுவரை எவரும் என்னிடம் குறை கூறியதில்லை. பூவின் பெயர் வைத்தால் வாய் அடைத்துவிடும் போலும். 1971இல் வந்த 22ஆம் வகையைச் சலிப்பான பெட்டி என்பேன். 1980களில் ஜப்பானிலிருந்து வந்த 23, 24 ஆகிய வகைகள் இன்னும் எளிய பெட்டிகள். ஆனால் விகிதம் கெடாதவை. வாக்களித்தே ஆக வேண்டுமென்றால் 22க்கு அளிப்பேன், அதையும் அரை மனத்தோடு.

கேள்வி: நல்ல வண்ணம் பூசினால் அழகற்ற இன்ஜினும் அழகாகிவிடாதா? (பகாவ் வாசகி)

ஓரளவு ஆகும். அமெரிக்காவின் சான்டா ஃபே நிறுவனத்துக்காக 1937இல் லேலண்ட் நிக்கர்பாக்கர் வரைந்த சிவப்பும் வெள்ளியும் கலந்த வண்ணத் திட்டம், உருண்ட மூக்குக்கென்று பிறந்தது. அதே நிறுவனம் 1989இல் அதை மீண்டும் கொண்டுவந்து மொட்டை மூக்கு இன்ஜின்களுக்குப் பூசியபோது, அவற்றுக்கும் ஒரு கம்பீரம் வந்தது. பி.எல்.2க்கு மட்டும் எந்த நிறுவனத்தின் வண்ணமும் உதவவில்லை. சரிந்த சுவரின் மீது நேர்க்கோடு போட்டால் அது வளைந்தே தெரிகிறது.

கேள்வி: நான் இரண்டாம் படிவ மாணவி. பள்ளிக் கண்காட்சிக்காக விநோதத் தோற்றம் கொண்ட இன்ஜின் ஒன்றை வரைய வேண்டும். எதை வரையலாம் மாமா?

பிரான்சின் சி.சி.72000 வரைந்து பாரம்மா. பால் அர்சான் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கி, 1967 முதல் ஓடியது. அதன் முகப்புக் கண்ணாடி மேலே முன்தள்ளியும் கீழே உள்வாங்கியும் இருக்கும். வெயில் கண்ணாடியில் பட்டு ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாதிருக்க அப்படிச் சாய்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை உடைந்த மூக்கு என்பார்கள். பக்கவாட்டுத் தோற்றத்தை முதலில் வரைந்துகொள்; இன்ஜினின் அடியில் மூன்று அச்சுகள் கொண்ட இரண்டு சக்கரச் சட்டங்களையும் (போகிகள்) அளவாக வைத்துவிட்டு, கடைசியாக முகத்துக்கு வா. படம் முடிந்ததும் ஒரு பிரதியை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.