வாசகர் கேள்வி: அந்த ஐம்பது நிமிடம் எங்கே போயிற்று?

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழியில் 420 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 800 கி.மீ. பறக்கும் விமானம் அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டாமா? டிக்கெட்டில் ஒரு மணி இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறார்களே?
– வாசகர் ஒருவர், மேலூர்

பதில்: தூரம் சரிதான். இருப்புப் பாதையில் 490 கி.மீ.க்குச் சற்று மேல் வரும் தூரம், நேர்க்கோட்டில் ஏறத்தாழ 418 கி.மீ.தான். ஆனால் டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சென்னையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்தும் வரையிலான நேரம் அது. இரு முனைகளிலும் தரையில் ஊர்வதும், ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் அதிலேயே அடங்கும்.

நீங்கள் சொல்லும் 800 கி.மீ. வேகமும் வழி முழுவதும் கிடைப்பதில்லை. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 460 கி.மீ. என்பதே பொதுவான வரம்பு. 30,000 அடிக்கு ஏறுவதற்குள் திருச்சியைத் தாண்டிவிடும். இறங்குவதற்கு மேலும் 160, 170 கி.மீ. தேவை, ஆகவே முழு வேகத்தில் சமதளமாகப் பறப்பதற்கு எஞ்சுவது எழுபது, எண்பது கி.மீ.தான். இந்த வழித்தடத்தில் விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் ஜெட்டைவிட அதிகம் பின்தங்காததற்கும் இதுவே காரணம்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விமானம் எதிர்காற்றில்தான் இறங்க விரும்பும். சென்னையின் முதன்மை ஓடுபாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடப்பதால், வாடைக்காலத்தில் மதுரை விமானம் பெரும்பாலும் வந்த திசையிலேயே நேராக இறங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின்போதோ ஊரைக் கடந்து, கடல் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

மேலூர்க்காரரான உங்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். தென்மேற்கே நாற்பது கி.மீ. பயணம் செய்து விமானம் ஏறினால், அது மறுபடியும் உங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் பறக்கும்.

கேள்வி: மதுரைக்கு வான்வழியில் அருகில் இருப்பது சென்னையா, கொழும்பா?
– வாசகி ஒருவர், உசிலம்பட்டி

பதில்: கொழும்புதான். கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் மதுரையிலிருந்து ஏறத்தாழ 355 கி.மீ.; சென்னையைவிட அறுபது கி.மீ.க்கு மேல் குறைவு. 2006 ஏப்ரல் முதல் இலங்கையின் கடிகாரமும் நம்முடையதும் ஒன்றே என்பதால், டிக்கெட்டில் உள்ள இரு நேரங்களையும் அப்படியே கழித்துக்கொள்ளலாம். துபாய்க்கு அப்படிச் செய்யக் கூடாது; போகும்போது ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டியும், வரும்போது குறைத்தும் பார்த்தால்தான் உண்மையான பயண நேரம் கிடைக்கும்.