படிவத்தில் "வேலைக்குத் தயார்" என்று எழுதும் முன்

கேள்வி: ஆட்குறைப்பில் வேலை போய், வேலையின்மை உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் காலை 10 மணி வரை வீட்டை விட்டு நகர முடியாது. மதியம் கணக்கியல் வகுப்பு வேறு. இப்போது "வேலைக்குத் தயாராக இருக்கிறீர்களா?" என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. உண்மையை எழுதினால் பணம் நின்றுவிடுமா?

பதில்: உண்மையையே எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அபராதமும் வரலாம். கட்டுப்பாடு இருப்பது தப்பே இல்லை. அதைக் கழித்த பிறகு நீங்கள் சேரக்கூடிய வேலைகள் மிச்சம் இருக்கின்றனவா என்பதுதான் சோதனை.

கனடாவின் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னது: தகுந்த வேலை வந்தால் உடனே சேரும் விருப்பம், அந்த விருப்பத்தைக் காட்டும் முயற்சி, வாய்ப்பை அளவுக்கு மீறிக் குறைக்கும் சொந்த நிபந்தனைகள் இல்லாமை. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதிகாரி ஏறக்குறைய இவற்றைத்தான் பார்ப்பார், மூன்றாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

அதனால் "காலையில் வர முடியாது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "10.30 முதல் இரவு 8 வரை, வாரத்தில் ஆறு நாள் வர முடியும்" என்று எழுதுங்கள், அவசரத்துக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் அதையும் சேருங்கள். ஜெர்மனியில் வாரத்துக்கு 15 மணி நேர வேலைக்குத் தயாராக இருந்தாலே குறைந்தபட்ச அளவைத் தொட்டுவிடலாம் (ஆனால் குறைந்த நேரம் சொன்னால் தொகையும் குறையலாம்). உங்கள் நாட்டில் எத்தனை மணி நேரம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை அம்மா விஷயத்தில் இல்லை, வகுப்பில்தான். முழுநேரப் படிப்பு என்றால் கனடா, ஜெர்மனி இரண்டிலுமே "இவர் வேலைக்குத் தயாரில்லை" என்ற அனுமானத்தில்தான் தொடங்குவார்கள், அப்படியில்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பாகிவிடும். பகுதிநேரம்தானா, நேரத்தை மாற்ற முடியுமா, வேலை கிடைத்தால் வகுப்பை விட்டுவிடுவீர்களா என்று கேட்பார்கள். விடுவீர்கள் என்றால் எழுத்தில் கொடுங்கள். விடமாட்டீர்கள் என்றால் பொய் சொல்லாமல், வகுப்பு நேரம் போக எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று காட்டுங்கள்.

அப்புறம் சம்பளம். முதல் மாதம் ஏற்றுக்கொள்ளப்படும் நிபந்தனை ஆறாம் மாதம் செல்லாது. ஜெர்மனியில் முதல் 3 மாதம் பழைய சம்பளத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்த வேலையை மறுக்கலாம், அடுத்த 3 மாதம் அந்த எல்லை 30 சதவீதம், அதன்பின் உதவித்தொகை அளவுக்குக் கையில் வந்தாலே போக வேண்டியதுதான்.

விண்ணப்பித்த தேதி, நிறுவனம், வேலை, வந்த பதில் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள். 1920களில் பிரிட்டனில் "உண்மையாகவே வேலை தேடுகிறார்" என்று நிரூபிக்கும் சுமை முழுக்க வேலையில்லாதவர் மேலேயே விழுந்தது, ஆதாரத்துக்காகவே தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார்கள். அந்த விதியை 1930இல் எடுத்தார்கள், எடுத்தது நியாயம். ஆனாலும் இன்றைக்கும் கையில் குறிப்பு இல்லாதவர் பேச்சு எடுபடுவது கஷ்டம்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனைக்கான கெடு கனடாவில் 30 நாள், ஜெர்மனியில் ஒரு மாதம். உங்கள் கெடு மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும், பிரித்ததும் முதலில் அதைத் தேடுங்கள்.