இடது சிறுநீரகத்துக்கு இரண்டு தமனி என்றால்

அண்ணாச்சி, உங்கள் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்கப்போகும் அம்மாவுக்கு, சிடி ஆஞ்சியோவில் (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) இடது பக்கச் சிறுநீரகத்துக்கு இரண்டு தமனி, அதாவது ரத்தம் கொண்டுவரும் குழாய், என்று வந்ததும் பதறியிருக்கிறீர்கள். இது நோய் இல்லை, பிறவி அமைப்பு. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி உண்டு.

ஆனால் இரண்டில் ஒன்று சின்னதுதானே என்று அதைக் கட்டி அடைத்துவிட முடியாது. பாளையங்கால்வாயில் ஒரு மடையை அடைத்தால் அந்த வயல் காய்கிற மாதிரி, அது பாயும் பகுதி செத்துவிடும். பக்கத்துத் தமனி ஈடுகட்டாது. அந்தச் சின்னத் தமனி சிறுநீரகத்தின் கீழ்முனைக்குப் போகிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் சிறுநீர்க் குழாய்க்கும் அதிலிருந்து ரத்தம் போகும். அது அறுந்தால் அப்புறம் மூத்திரம் கசியலாம். சிறுநீரகத்தை ஐஸில் வைத்து, இரண்டையும் ஒன்றாகத் தைத்துப் பொருத்துவதும் உண்டு. வலது பக்கம் ஒரே தமனி என்றாலும் அங்கே சிரை (ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்) குட்டை, தைக்கச் சிரமம். எதை எடுப்பது என்று சர்ஜன் முடிவு செய்யட்டும். ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டையும் கொண்டு போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.