லேப்டாப்பில் ஓடுகிறது, செட்டாப் பாக்ஸில் ஓடவில்லையே!

கேள்வி: செட்டாப் பாக்ஸில் பென்டிரைவ் செருகி சீரியல்களை ரெக்கார்டு செய்து பார்க்கிறோம். அதில் குறையில்லை. ஆனால், லேப்டாப்பிலிருந்து அதே பென்டிரைவில் ஏற்றிய வீடியோக்கள்தான் தகராறு. ஒரு எம்கேவி ஃபைலில் படம் வருகிறது, சத்தம் இல்லை. ஐபோனில் எடுத்ததில் சத்தம் மட்டும் கேட்கிறது. தங்கையின் கல்யாண வீடியோ திறக்கவே மாட்டேன் என்கிறது. பாக்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். பாக்ஸில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

எம்பி4, எம்கேவி என்பவை வெறும் டப்பாக்கள். உள்ளே படம் ஒரு கோடெக்கிலும் (படத்தையோ ஒலியையோ சுருக்கிப் பதியும் முறை) ஒலி வேறொரு கோடெக்கிலும் இருக்கும். லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போட்டிருந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதுவே பிரித்துக் காட்டிவிடும். பாக்ஸில் இந்த வேலையைச் செய்வது ஒரு சிப். அதற்குத் தெரிந்த கோடெக்குகள் சிலதான். சேனல்கள் அதற்குத் தெரிந்த எம்பெக்-2 அல்லது ஹெச்.264 கோடெக்கில் வருவதால் உங்கள் சீரியல்களுக்குப் பிரச்சினை இல்லை. ஃபைல் பெயரின் கடைசியில் எம்கேவியை அழித்துவிட்டு எம்பி4 என்று போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய பேர். டப்பாவின் லேபிள்தான் மாறும்.

முதலில் ஃபைலை விஎல்சியில் திறந்து, கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். படத்துக்கும் ஒலிக்கும் என்ன கோடெக் என்று தனித்தனியாகக் காட்டும்.

சத்தம் வராத எம்கேவியில், ஒலிக்கு நேரே பெரும்பாலும் டிடிஎஸ் என்று இருக்கும். அதற்கு உரிமக் கட்டணம் உண்டு என்பதால் விலை குறைந்த பாக்ஸ்கள் அதைச் சேர்ப்பதில்லை. பாக்ஸை விடுங்கள், சாம்சங்கே 2018 மாடல் டிவிகளிலிருந்து டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. இங்கே பலர் செய்யும் வீண் வேலை, முழுப் படத்தையும் கன்வெர்ட் செய்வது. மணிக்கணக்கில் ஓடும், படத்தின் தரமும் குறையும். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வீடியோவுக்கு ‘காப்பி’ என்றும் ஆடியோவுக்கு ‘ஏஏசி’ என்றும் கொடுத்து சேமியுங்கள். படத்தைத் தொடாமல் ஒலி மட்டும் மாறும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். 5.1 ஒலியாக இருந்தால் ஸ்டீரியோவாக மாற்றிவிடுவது நல்லது, பழைய பாக்ஸ்கள் அதிலும் திணறும்.

ஐபோன் வீடியோவின் கதை வேறு. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் தாமாகவே ஹெச்.265 என்ற புதிய கோடெக்கில்தான் பதிவு செய்கின்றன. உங்கள் பாக்ஸுக்கு அது தெரியாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஹெச்.264-க்கு மாற்றுங்கள். இனி எடுக்கப்போகும் வீடியோக்களுக்கு, போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ வைத்துவிட்டால் போதும்.

கல்யாண வீடியோவைப் பார்த்தால் கோடெக் ஹெச்.264 என்றே இருக்கலாம். அப்புறம் ஏன் ஓடவில்லை? அதே விஎல்சி பெட்டியில் ரெசல்யூஷனைப் பாருங்கள். 3840x2160 என்றிருந்தால் அது 4கே. ஹெச்டி பாக்ஸின் சிப் 1920x1080-ஐத் தாண்டாது. ஹேண்ட்பிரேக்கிலேயே சிறிதாக்கலாம்தான். ஆனால், ஸ்டுடியோக்காரரிடம் 1080பி காப்பி கேட்டு வாங்குவதே என் யோசனை. அவர் தன் மூலப் பதிவிலிருந்து எடுத்துத் தருவது இன்னும் தெளிவாக இருக்கும்.

அதை பென்டிரைவில் ஏற்றும்போது இன்னொரு சிக்கல் வரலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. உங்கள் பாக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்குமானால் அப்படி ஃபார்மட் செய்யுங்கள், இல்லாவிட்டால் வீடியோவை இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். கல்யாண வீடியோவுக்குத் தனி பென்டிரைவ் வையுங்கள். ரெக்கார்டிங் பட்டனை அழுத்தியதும் சில பாக்ஸ்கள் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கும். வீட்டில் யாராவது யோசிக்காமல் ஓகே கொடுத்தால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடும்.