புது வெப் அப்ளிகேஷனுக்கு ஆட்டோமேஷன் டெஸ்ட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மூன்று பேர் சேர்ந்து புதிதாக ஒரு வெப் அப்ளிகேஷன் தொடங்கியிருக்கிறோம். முதல் டெஸ்ட் எதற்கு எழுதுவது?

பதில்: எது உடைந்தால் யாருமே அப்ளிகேஷனைப் பயன்படுத்த முடியாதோ, அதற்கு. லாகின் செய்து, உங்கள் முக்கியமான வேலை ஒன்றை முடிப்பதுவரை பிரவுசரில் ஓட்டும் ஒரே ஒரு டெஸ்ட் எழுதி, அன்றைக்கே சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், எழுதியவருடைய மெஷினில் மட்டும் ஓடும் டெஸ்டுகள்தான் குவியும். எழுதி முடித்ததும் கோடில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். டெஸ்ட் சிவப்பாக வேண்டும், அதாவது ஃபெயில் ஆக வேண்டும். ஒரு தடவைகூட சிவப்பாகாத டெஸ்டை நம்பாதீர்கள்.

கேள்வி: பிரவுசரில் டெஸ்ட் ஓட்டும் டூல்களில் செலினியமா, சைப்ரஸா, பிளேரைட்டா?

பதில்: புதிதாகத் தொடங்குவதால் பிளேரைட். குரோமியம் (குரோமின் அடிப்படை), ஃபயர்பாக்ஸ், வெப்கிட் (சஃபாரியின் எஞ்சின்) மூன்றிலும் ஓடும். பட்டன் தயாராகும்வரை தானே காத்திருந்து கிளிக் செய்யும். ஏற்கெனவே செலினியத்தில் டெஸ்ட் வைத்திருப்பவர்கள் மாற வேண்டிய அவசியமில்லை.

கேள்வி: ஒரு டெஸ்ட் சில சமயம் காரணமே இல்லாமல் ஃபெயில் ஆகிறது. மூன்று செகண்ட் ஸ்லீப் (சும்மா காத்திருக்கும் கட்டளை) போட்டும் சரியாகவில்லை.

பதில்: காரணம் இருக்கிறது, தேடுங்கள். முதலில் ஸ்லீப்பை எடுங்கள். திரையில் எது தோன்ற வேண்டுமோ அதற்காகக் காத்திருக்கச் சொல்லுங்கள். பிளேரைட்டின் எக்ஸ்பெக்ட் (எதிர்பார்த்தது நடந்ததா என்று சரிபார்க்கும் வரி) வழக்கமாக 5 செகண்ட் வரை திரும்பத் திரும்பப் பார்க்கும். அடுத்து, இரண்டு டெஸ்டுகள் ஒரே யூசரைப் பயன்படுத்துகின்றனவா? ஒவ்வொன்றும் தனக்கான யூசரைத் தானே உருவாக்கட்டும்.

மூன்றாவது, தேதி. ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரி 31-ஐ எடுத்து மாதத்தை மட்டும் பிப்ரவரியாக மாற்றினால் மார்ச் 3 வரும். லீப் வருடத்தில் மார்ச் 2. மாதக் கடைசியில் மட்டும் விழும் டெஸ்டை "மறுபடி ஓட்டு" என்று விட்டால், கையில் கிடைத்த நிஜமான பிழையைத் தவறவிட்டீர்கள். டெஸ்டில் தேதியை நிலையாக வைத்து, 31-ஆம் தேதிக்கென்று தனியாக ஒன்று எழுதுங்கள்.

கேள்வி: சைப்ரஸ் நல்லதா?

பதில்: நல்லதுதான். என் தேர்வு மேலே இருக்கிறது.

கேள்வி: டேட்டாபேஸை முழுக்க மாக் செய்திருக்கிறோம், அதாவது நிஜத்துக்குப் பதில் போலி வைத்திருக்கிறோம். எல்லாம் நொடியில் ஓடுகிறது. சரிதானே?

பதில்: இல்லை. நீங்கள் எழுதிய மாக், நீங்கள் எதிர்பார்த்த பதிலைத்தான் தரும். க்வெரியில் டேபிளின் நெடுவரிசைப் (column) பெயர் தப்பாக இருந்தாலும் டெஸ்ட் பச்சைதான், அதாவது பாஸ்தான்.

மீண்டும் அவரே: யூனிட் டெஸ்ட் (ஒரு சின்னத் துண்டு கோடை மட்டும் பார்க்கும் டெஸ்ட்) வெளியே எதையும் தொடக்கூடாது என்றுதானே கற்றுக்கொண்டோம்? நிஜ டேட்டாபேஸ் மெதுவாகுமே.

பதில்: விலைக் கணக்கு மாதிரியான ஃபங்ஷனுக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே டேட்டாபேஸே வேண்டாம். சேமிப்பதும் தேடுவதும்தான் வேலை என்றால் நிஜ டேட்டாபேஸ் வேண்டும். டாக்கரில் (சாஃப்ட்வேரைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டூல்) ஒரு தடவை ஏற்றுங்கள். ஒவ்வொரு டெஸ்டையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி, முடிவில் ரோல்பேக் செய்யுங்கள், அதாவது செய்த மாற்றங்களையெல்லாம் திரும்பப் பெறுங்கள். டேபிள்களைக் காலி செய்யும் நேரம் மிச்சம்.

இன்னொருவர்: புரொடக்‌ஷனில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், டெஸ்டுக்கு மட்டும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். அது போதாதா?

பதில்: போதாது. வார்சார் 10 (அதிகபட்சம் 10 எழுத்து) என்று அறிவித்த நெடுவரிசையில் எஸ்க்யூலைட் 50 எழுத்தையும் வாங்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் பிழை காட்டும். அந்தப் பிழையை முதலில் உங்கள் யூசர் பார்க்கக் கூடாது.

முதலில் கேட்டவர்: அப்படியானால் பேமெண்ட் கேட்வே?

பதில்: அது மாக். உங்கள் கையில் இல்லாத சர்வீஸை ஒவ்வொரு கமிட்டுக்கும் கூப்பிட முடியாது. பணம் மறுக்கப்பட்டது, பதிலே வரவில்லை: இந்த இரண்டு நிலைக்கும் டெஸ்ட் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மேனேஜர் 100 சதவீதம் கவரேஜ் கேட்கிறார்.

பதில்: டெஸ்டின்போது கோடின் ஒரு வரி ஓடியதா என்று மட்டும்தான் கவரேஜ் சொல்லும். எக்ஸ்பெக்ட் ஒன்றுகூட இல்லாமலே 100-ஐத் தொடலாம் என்று அவருக்குச் செய்து காட்டுங்கள்.

கேள்வி: மொபைல் ஆப் டெஸ்டிங்?

பதில்: என் துறை இல்லை. அதிலேயே இருப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: பிகினருக்கு எந்த டூல்?

பதில்: மூன்றாவது தடவை: பிளேரைட். இன்றே நிறுவி ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.

மாக் பற்றிக் கேட்டவர்: போஸ்ட்கிரெஸில் ஓட்டினேன். பச்சையாக இருந்ததில் மூன்று சிவப்பு. எங்கள் கோட் ஒரே மின்னஞ்சலில் இரண்டு யூசர் சேர்க்கப் பார்க்கிறது.

பதில்: டெஸ்டைத் தொடாதீர்கள். சைன்அப் கோடைத் திறங்கள்.