கொலஸ்ட்ரால் பெரிதாக இல்லாதவருக்கும் மாரடைப்பு வருகிறதே, உண்மையான காரணம் அழற்சிதானா?

"கொலஸ்ட்ரால் ஒன்றும் செய்யாது, எல்லாம் அழற்சிதான்" என்று ஒரு காணொளி சொல்கிறது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதியை நம்பலாம். (அழற்சி என்பது தொற்று, காயம் போன்றவற்றை எதிர்த்து உடம்பு கிளப்பும் எதிர்வினை, ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன்.)

நான் மருத்துவர் இல்லை. அண்ணனுக்கு 44 வயதில் மாரடைப்பு வந்த பிறகு இதைத் தேடித் தேடிப் படித்தவன், அவ்வளவுதான். அப்போது அவருடைய எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 112. பார்த்தவுடன் பதறும் எண் இல்லை. ஆனால் பத்து வருடமாக முடக்குவாதம் (மூட்டுகளில் அழற்சி ஓயாத ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ்) இருந்தது. முடக்குவாதக்காரர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நடப்பது இதுதான். எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் புகுந்து, அங்கேயே தங்கிக் கெட்டுப்போகின்றன. வெள்ளணுக்கள் அவற்றை விழுங்க வருகின்றன. விழுங்கி விழுங்கி, நுரை பொங்கியதுபோலக் கொழுப்பால் உப்பி, அந்த இடத்திலேயே சாகின்றன. சேர்ந்த குப்பையின் மேல் உடம்பு நாரால் ஒரு மூடி போட்டு வைக்கிறது. மூடி கெட்டியாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அழற்சி ஓயாவிட்டால், அந்த வெள்ளணுக்கள் விடும் நொதிகளே மூடியை அரித்துவிடும். ஒருநாள் அது கிழிந்து, உள்ளே இருப்பது ரத்தத்தில் பட்டதும் அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. குழாயைப் பாதிகூட அடைக்காத படிவு மாரடைப்பைக் கொண்டுவருவதும், டிரெட்மில் சோதனையில் தேறியவர் அடுத்த மாதமே விழுவதும் இப்படித்தான். ஆக, சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது கொலஸ்ட்ரால், மூடியைக் கிழிப்பது அழற்சி.

இது வெறும் ஊகம் இல்லை. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரைச் சேர்த்தார்கள். கொடுத்த கனகினுமாப் ஊசி எல்டிஎல்லைத் தொடவே இல்லை, அழற்சியை மட்டும் தணித்தது. 150 மில்லிகிராம் போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் தொற்றுநோயால் இறந்தவர்கள் அதிகமானார்கள், அது இதய மருந்தாக வரவும் இல்லை. கௌட் என்ற மூட்டு நோய்க்குக் கொடுக்கும், அழற்சியைத் தணிக்கும் பழைய மாத்திரையான கோல்சிசினைக் குறைந்த அளவில் இதயத்துக்காகக் கொடுக்க 2023-இல் அமெரிக்கா அனுமதித்தது. 2024-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் அதனால் பலனே தெரியவில்லை. இன்னும் இழுபறிதான்.

அப்புறம், சிஆர்பி பரிசோதனை, அதாவது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. இதய ஆபத்தைப் பார்க்க அதில் மிகக் குறைந்த அளவையும் காட்டும் வகையை (hs-CRP) எடுப்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 3-க்கு மேலே கவனிக்க வேண்டியது. அண்ணன் கதையில் பயந்துபோய் நானும் எடுத்தேன். 14 என்று வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "பல் வலி, சளி ஏதாவது இருந்ததா?" என்றார். கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருந்தது. "பல் ஆறட்டும், மூணு வாரம் கழிச்சு எடுங்க" என்றார். அடுத்த முறை 1.3. பத்துக்கு மேல் போனால் முதலில் தொற்றைத்தான் சந்தேகிக்க வேண்டுமாம்.

இன்னொன்று, முக்கியமானது. அழற்சிதானே காரணம் என்று வலிமாத்திரை போட ஆரம்பிக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரையை 2004-இல் இதனாலேயே சந்தையிலிருந்து எடுத்தார்கள். மூட்டு வலிக்கு அண்ணன் வருஷக்கணக்கில் டைக்ளோஃபெனாக்கைத்தான் டாக்டரைக் கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சொல்லும் அதே காணொளியை அவரும் போன மாதம் எனக்கு அனுப்பி, "ஸ்டேட்டினை நிறுத்திடலாமாடா?" என்று கேட்டார். ஸ்டேட்டின் எல்டிஎல், சிஆர்பி இரண்டையும் இறக்குகிற மாத்திரை. போனில் கத்திவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் மாத்திரை போடுகிறார் என்று அண்ணி சொன்னார்.